ஹெர்மன் மெல்வில்: சுங்கத்துறை ஆண்டுகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஹெர்மன் மெல்வில் என்றதும் 'மோபி டிக்' நினைவுக்கு வரும். அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு கதையும் வரும். இளமையில் கடலோடி. 32 வயதில் பெரும் நாவல். உலகத்துக்கு அது புரியவில்லை. மனம் உடைந்துபோய் நியூயார்க் சுங்கத்துறையில் ஒரு சிறிய உத்தியோகத்தில் ஒடுங்கினார், எழுத்தை விட்டார், யாரும் அறியாமல் செத்தார். முப்பது ஆண்டு கழித்து உலகம் அவரைக் கண்டெடுத்தது. எழுதுகிறவர்களுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். புத்தகம் விற்காத ஒவ்வொருவருக்கும் இதில் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது அல்லவா!

கதையில் பெரும்பகுதி உண்மைதான். எழுத்தை விட்டார் என்பது மட்டும் உண்மையல்ல. 1866 டிசம்பரில் சுங்கத்துறையில் சேர்ந்தவர் 1891 செப்டம்பரில் இறந்தார். இடைப்பட்ட காலத்தில் ஏறக்குறைய 18,000 அடிகள் கொண்ட ஒரு நெடுங்கவிதை, இரண்டு கவிதைத் தொகுதிகள், 'பில்லி பட்' என்ற குறுநாவல், அச்சேறாத கவிதைகள் பல என்று எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். இதை மௌனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று அந்த ஆண்டுகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆனால் அவருக்கு அந்த வேலை ஏன் தேவைப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

பணத்திலிருந்து தொடங்குகிறேன். மெல்வில் வாழ்க்கையில் கடலைவிடப் பணத்துக்குத்தான் பங்கு அதிகம்.

1819 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் நகரில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் மூன்றாமவர். தாய்வழித் தாத்தா பீட்டர் கான்ஸ்வூர்ட் அமெரிக்க விடுதலைப் போரில் ஸ்டான்விக்ஸ் கோட்டையைக் காத்த தளபதி. தந்தைவழித் தாத்தா தாமஸ் மெல்வில் 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியவர்களில் ஒருவர். அன்றிரவு காலணிக்குள் சிக்கிய தேயிலைத் தூளை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கடைசிவரை வைத்திருந்தார். வரியை எதிர்த்து அப்படிக் கொட்டியவர், நாடு விடுதலை பெற்றபின் அதே பாஸ்டன் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாகவே பல்லாண்டு இருந்தார். 1829இல் ஆண்ட்ரூ ஜாக்சன் அதிபராக வந்ததும் வேலை போயிற்று. சுங்கத்துறை மெல்வில் குடும்பத்துக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

தந்தை ஆலன், பிரான்சிலிருந்து துணிமணிகளும் அலங்காரப் பொருள்களும் வரவழைத்து விற்ற வணிகர். வெளியே ஆடம்பரம், உள்ளே கடன். மாமனார் வீட்டிலும் அப்பா வீட்டிலும் வாங்கிய பணத்தில்தான் வண்டி ஓடியது. 1830இல் திவாலாகி ஆல்பனி நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். அடுத்த ஆண்டு குளிர்காலத்தில் உறைந்து கிடந்த ஹட்சன் ஆற்றைக் கடந்து நடந்து வந்தவர் காய்ச்சலில் விழுந்தார், பிதற்றினார், 1832 ஜனவரியில் இறந்தார். ஹெர்மனுக்கு அப்போது 12 வயது. பள்ளிக்கூடம் நின்றது. வங்கியில் எடுபிடி வேலை, அண்ணனின் தொப்பிக் கடையில் வேலை, கிராமப் பள்ளியில் வாத்தியார் வேலை என்று போயிற்று. 1837 பொருளாதார நெருக்கடியில் அண்ணன் கடையும் மூழ்கியது.

கடலுக்குப் போனது சாகச ஆசையால் மட்டும் அல்ல. வீட்டில் ஒரு வாய் குறையும் என்பதும் ஒரு காரணம். 1839இல் லிவர்பூலுக்கு ஒரு சரக்குக் கப்பலில் போய்வந்தார். 1841 ஜனவரி 3 அன்று 'அகுஷ்நெட்' என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் புறப்பட்டார். பதினெட்டு மாதம் பொறுத்தார். 1842 ஜூலையில் பசிபிக் கடலில் மார்க்கேசஸ் தீவுக்கூட்டத்தின் நுக்கு ஹிவா தீவில் கப்பல் நின்றபோது டோபி கிரீன் என்ற தோழனோடு கம்பி நீட்டிவிட்டார். நரமாமிசம் தின்பவர்கள் என்று மாலுமிகள் அஞ்சிய டைப்பீ மக்களின் பள்ளத்தாக்கில் போய் மாட்டிக்கொண்டார். அவர்கள் இவரைத் தின்னவில்லை, நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் அங்கே இருந்தார். பிறகு ஓர் ஆஸ்திரேலியக் கப்பல், அதில் மாலுமிகள் வேலைக்கு மறுத்த தகராறு, தஹிதியில் காவல், இன்னொரு திமிங்கிலக் கப்பல், ஹவாய். ஹொனலுலுவில் ஒரு பந்தாட்டக் கூடத்தில் விழும் கட்டைகளை எடுத்து நிறுத்தும் வேலைகூடப் பார்த்தார். கடைசியில் அமெரிக்கக் கடற்படையின் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' போர்க்கப்பலில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்து 1844 அக்டோபரில் பாஸ்டனில் கரையேறினார். அந்தக் கப்பலில் மாலுமிகளைக் கூடியிருக்கச் செய்து சாட்டையால் அடிப்பது வாடிக்கை. அது அவர் மனத்திலிருந்து கடைசிவரை போகவில்லை. 'பில்லி பட்' பற்றிப் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1846இல் வந்த 'டைப்பீ' அவரை ஒரே நாளில் பிரபலமாக்கியது. ஒரு மாதத்தை நான்கு மாதமாக நீட்டி எழுதியிருந்தார். இலண்டன் பதிப்பாளர் ஜான் மரேக்கு ஒரே சந்தேகம், ஒரு சாதாரண மாலுமி இப்படி எழுதுவானா என்று. அந்த வேளையில், தொலைந்து போனதாக எண்ணப்பட்ட டோபி கிரீன் பஃபலோ நகரத்திலிருந்து, நான் உயிரோடுதான் இருக்கிறேன், புத்தகத்தில் உள்ளது உண்மைதான் என்று பத்திரிகைக்கு எழுதினார். இப்படி ஒரு சாட்சி எந்த எழுத்தாளருக்குக் கிடைக்கும்!

1847இல் எலிசபெத் ஷாவை மணந்தார். அவருடைய தந்தை லெமுவேல் ஷா, மாசசூசெட்ஸ் மாநிலத் தலைமை நீதிபதி. மெல்வில் வீட்டுக்குப் பழைய நண்பர். இந்த மாமனாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அமெரிக்க இலக்கியத்துக்கு அரசாங்கம் கொடுக்காத உதவித்தொகையை இந்த ஒரு நீதிபதி கொடுத்தார். நியூயார்க்கில் வீடு பிடிக்க, பண்ணை வாங்க, உடல்நலத்துக்காக வெளிநாடு போக என்று மருமகன் கேட்டபோதெல்லாம் அவர் கை நீண்டது. கொடுத்த பல தொகைகளை மகளுக்குச் சேரவேண்டிய பங்கில் முன்கூட்டித் தந்ததாக எழுதிக் கணக்கைத் தீர்த்தும் விட்டார்.

மெல்வில் 1849இல் 'மார்டி' எழுதிக் கையைச் சுட்டுக்கொண்டார். தத்துவமும் உருவகமுமாக எழுதிய அந்த நாவலை வாசகர்கள் தொடவில்லை. வீட்டில் குழந்தை பிறந்துவிட்டது. அந்த ஒரே கோடையில், ஏறக்குறைய நான்கு மாதத்தில், 'ரெட்பர்ன்', 'ஒயிட் ஜாக்கெட்' என்று இரண்டு புத்தகங்களை எழுதி முடித்தார். வயிற்றுப்பாட்டுக்காக விறகு வெட்டுவதுபோல் எழுதினேன் என்ற பொருளில் மாமனாருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இரண்டும் நல்ல புத்தகங்கள். அவற்றை அவர் மட்டமாகப் பேசியதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

1850இல் மாமனாரிடம் 3,000 டாலர் பெற்று, மாசசூசெட்ஸ் மாநிலம் பிட்ஸ்ஃபீல்டில் ஒரு பண்ணை வாங்கி, அதற்கு 'ஆரோஹெட்' என்று பெயர் வைத்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று ஒரு மலையேற்ற உல்லாசப் பயணத்தில் நதேனியல் ஹாதார்னைச் சந்தித்தார். ஹாதார்ன் அப்போதுதான் சேலம் துறைமுகச் சுங்கத்துறை வேலையை அரசியல் மாற்றத்தால் இழந்து, அந்த இழப்பின் சூட்டோடு 'ஸ்கார்லெட் லெட்டர்' எழுதிப் புகழ் பெற்றிருந்தார். ஆள் மாறியதும் உத்தியோகம் போகும் துறை அது என்பதை மெல்வில் அவரிடமிருந்தே அறிந்திருப்பார்.

'மோபி டிக்' எழுதிய கதை உங்களில் பலருக்குத் தெரியும். நான் விற்ற கதையை மட்டும் சொல்கிறேன். 1851 ஏப்ரலில், புத்தகம் பாதியில் நிற்கும்போது, ஹார்ப்பர் பதிப்பகத்திடம் முன்பணம் கேட்டார். ஏற்கெனவே நீங்கள் எங்களுக்குச் சுமார் 700 டாலர் தர வேண்டும் என்று அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். வேறொருவரிடம் கைமாற்று வாங்கினார். அக்டோபரில் இலண்டனில் ரிச்சர்ட் பென்ட்லி 'தி வேல்' என்ற தலைப்பில் மூன்று தொகுதிகளாக 500 படிகள் வெளியிட்டார். அதில் முடிவுரை விடுபட்டுப்போனது. கப்பல் மூழ்குகிறது, எல்லோரும் சாகிறார்கள், பிறகு கதை சொல்வது யார் என்று இலண்டன் விமரிசகர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. விடை அச்சகத்தில் தங்கிவிட்டது. நவம்பரில் முடிவுரையோடு நியூயார்க் பதிப்பு வந்தது. ஆனால் இலண்டன் விமரிசனங்களில் ஒன்றிரண்டு அமெரிக்கப் பத்திரிகைகளிலும் மறு அச்சாகிவிட்டன. அமெரிக்காவில் அவர் வாழ்நாளில் விற்றவை சுமார் 3,200 படிகள். 1853 டிசம்பரில் ஹார்ப்பர் கட்டடம் எரிந்து, விற்காத பிரதிகளும் சாம்பலாயின.

அடுத்து 'பியர்' நாவல். ஒரு நியூயார்க் பத்திரிகை, ஹெர்மன் மெல்விலுக்குப் பைத்தியம் என்று தலைப்பிட்டே செய்தி போட்டது. பத்திரிகைகளுக்குப் பெயரில்லாமல் கதை எழுதத் தொடங்கினார். 'பார்ட்டில்பி'யும் 'பெனிட்டோ செரீனோ'வும் அப்படி வந்தவைதான். பக்கத்துக்கு ஐந்து டாலர். 1857 ஏப்ரல் 1, முட்டாள்கள் தினத்தன்று, ஏமாற்றுக்காரன் ஒருவனைப் பற்றிய 'தி கான்ஃபிடென்ஸ் மேன்' வெளிவந்தது. உயிரோடிருக்கும்போது அச்சான அவருடைய கடைசி நாவல் அது. வயது 37.

அதன்பின் மூன்று குளிர்காலங்கள் ஊர் ஊராகப் போய்ச் சொற்பொழிவாற்றிச் சம்பாதிக்கப் பார்த்தார். முதல் ஆண்டு தலைப்பு, ரோம் நகரத்துச் சிலைகள். நரமாமிசம் தின்பவர்களோடு வாழ்ந்த மனிதரிடம் சிலைகளைப் பற்றிக் கேட்க யார் டிக்கெட் வாங்குவார்கள்? குரல் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. மேடையில் நின்று பேசுகிற என் போன்றவர்களுக்கு இது ஓர் ஆறுதல்.

அந்தச் சொற்பொழிவுகளுக்கு முன்னால் 1856-57இல் மாமனார் பணத்தில் கான்ஸ்டாண்டிநோபிள், எகிப்து, எருசலேம் என்று பயணம் போனார். வழியில் லிவர்பூலில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த ஹாதார்னைச் சந்தித்தார். இருவரும் கடற்கரை மணல்மேட்டில் உட்கார்ந்து கடவுளைப் பற்றியும் மறுமையைப் பற்றியும் பேசினார்கள். இவரால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை என்ற பொருளில் ஹாதார்ன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். மெல்விலைப் பற்றி யாரும் இதைவிடச் சரியாகச் சொன்னதில்லை என்பது என் எண்ணம்.

1861இல் தூதரக வேலை தேடி வாஷிங்டன் போனார், வரிசையில் நின்று லிங்கனோடு கை குலுக்கினார், வேலை கிடைக்கவில்லை. 1863இல் பண்ணையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு நியூயார்க்கில் கிழக்கு 26ஆம் தெரு 104ஆம் எண் வீட்டுக்கு வந்தார். உள்நாட்டுப் போரைப் பற்றிய கவிதைகளை 1866இல் 'பேட்டில் பீசஸ்' என்று வெளியிட்டார். அச்சிட்டது 1,260 படிகள். பாதிகூட விற்கவில்லை.

1866 டிசம்பர் 5 அன்று நியூயார்க் துறைமுகச் சுங்க ஆய்வாளராகப் பதவி ஏற்றார். சம்பளம் நாளொன்றுக்கு 4 டாலர். அடையாள வில்லை எண் 75. வாரத்தில் ஆறு நாள் வேலை. ஹட்சன் ஆற்றங்கரைத் துறைமேடைகளில் வெளிநாட்டுக் கப்பல் வந்து நின்றதும் ஏற வேண்டும். இறங்குகிற சரக்கை அனுமதிச் சீட்டோடு ஒப்பிட வேண்டும், வரி கட்ட வேண்டிய பொருள் எது, பண்டகசாலைக்குப் போக வேண்டியது எது என்று பிரிக்க வேண்டும், குறிப்பெழுதி மேலே அனுப்ப வேண்டும். பயணிகளின் பெட்டியைத் திறந்து பார்ப்பதும் அதில் சேரும். மழையிலும் பனியிலும் நின்று செய்கிற வேலை.

அன்றைக்கு அமெரிக்க மத்திய அரசின் வருமானத்தில் பெரும்பங்கு சுங்கவரி. அதில் பெரும்பகுதி நியூயார்க் துறைமுகத்தில் வசூலானது. எங்கே பணம் குவிகிறதோ அங்கே கட்சியும் குவியும். சுங்க உத்தியோகங்கள் கட்சிக்காரர்களுக்குக் கொடுக்கும் பரிசு. வேலையில் இருப்பவர்கள் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். பின்னாளில் அதிபரான செஸ்டர் ஆர்தர் 1870களில் இந்தத் துறைமுகத்தின் வரி வசூல் தலைவராக இருந்து, முறைகேட்டுப் புகார்களுக்குப் பின் நீக்கப்பட்டவர். சரக்கு இறக்குகிற வணிகர்கள் ஆய்வாளர் பையில் நோட்டுகளைத் திணிப்பது அங்கே சாதாரணம். மெல்விலின் மைத்துனர் ஜான் ஹோட்லி 1873இல் நிதித்துறைச் செயலருக்கு ஒரு கடிதம் எழுதினார். வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை, இவரை வேலையிலிருந்து எடுத்துவிடாதீர்கள் என்பதுதான். கேட்காமலே பையில் திணித்த பணத்தை யாருக்கும் நோகாமல், சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுகிறவர் என்று அதில் சொல்கிறார். கட்சிகள் மாறின, தலைவர்கள் மாறினார்கள், சுற்றிலும் ஆட்குறைப்பு நடந்தது. மெல்வில் 19 ஆண்டுகள் அதே பதவியில் அதே தொகையில் இருந்தார். பதவி உயர்வு ஒருமுறைகூட வரவில்லை. நடுவே ஒருமுறை 4 டாலர் 3.60 ஆகக் குறைந்து மறுபடி ஏறியது.

அவர் வேலை பார்த்த துறைமேடைக்கு அருகில் கான்ஸ்வூர்ட் தெரு. அம்மா வழித் தாத்தாவின் பெயரில் அமைந்த கோட்டை ஒரு காலத்தில் அங்கே இருந்தது. அங்கிருந்த கான்ஸ்வூர்ட் ஓட்டலுக்குள் ஒருநாள் நுழைந்து, புகையிலை வாங்கிக்கொண்டு, இந்தப் பெயர் யாருடையது என்று கேட்டார். முன்காலத்தில் இந்தப் பக்கத்து நிலமெல்லாம் வைத்திருந்த ஒரு பணக்காரக் குடும்பத்தின் பெயர் என்றார் அங்கிருந்த ஒருவர். கோட்டையைக் காத்த தளபதியின் பேரன், நாளுக்கு 4 டாலர் வாங்குகிறவர், இதைக் கேட்டுக்கொண்டு வந்து அம்மாவுக்குக் கடிதமாக எழுதினார். அந்தக் கடிதத்தில் சலிப்பைவிடச் சிரிப்பே அதிகம். சுங்கத்துறையில் மெல்வில் எப்போதும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தார் என்று எழுதுபவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

எனக்குத் தோன்றுவது இதுதான். 1846 முதல் 1857 வரை பதினோரு ஆண்டில் பத்துப் புத்தகங்கள் எழுதியவர் மெல்வில். ஒவ்வொன்றும் அடுத்த தவணைக்கு விடையாக எழுதப்பட்டது. பண்ணைக் கடன், பதிப்பாளர் கணக்கு, குழந்தைகள். சுங்கத்துறை அந்த நெருக்கடியை எடுத்துவிட்டது. மாலையில் வீட்டுக்கு வந்து எழுதியதை யாருக்கும் விற்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. விற்க வேண்டாம் என்றானதும் அவர் எழுதியது கவிதை. வாசகருக்கு அது நல்லதா என்பது வேறு கேள்வி. அவர் கை ஓயவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

அந்த மாலை நேரங்களுக்கு விலை கொடுத்தது வீடு. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதிக் கதைதான் சொன்னவனாவேன்.

1867 மே மாதத்தில் எலிசபெத்தின் சகோதரரும், அவர்களுடைய தேவாலயப் போதகர் ஹென்றி பெலோஸும் சில கடிதங்கள் எழுதிக்கொண்டார்கள். அவை ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து 1970களில்தான் வெளியே வந்தன. கணவருக்கு மனநிலை சரியில்லை, அவரோடு வாழ முடியவில்லை என்று எலிசபெத் கருதியிருக்கிறார். தாய்வீட்டுக்குப் போய்விட்டால் அன்றைய சட்டமும் ஊரும் அவர்மேல்தான் பழி போடும். அதனால் உறவினர்களே அவரைக் கட்டாயமாகத் தூக்கிச் சென்றதுபோல் காட்டிவிடலாம் என்று போதகர் யோசனை சொன்னார். எலிசபெத் ஒப்பவில்லை. இருந்துவிட்டார்.

அதே ஆண்டு செப்டம்பரில் மூத்த மகன் மால்கம், 18 வயது, காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தர், ஒருநாள் பின்னிரவில் வீடு திரும்பினான். அம்மா விழித்திருந்து கதவு திறந்தார். மறுநாள் அவன் அறையைவிட்டு வரவில்லை. மாலையில் கதவை உடைத்தார்கள். தலையில் குண்டு. கையில் துப்பாக்கி. மரண விசாரணைக் குழு முதலில் தற்கொலை என்றது. அவன் வேண்டுமென்று செய்துகொள்ளவில்லை என்று குழுவினர் பின்னர் பத்திரிகைக்கு எழுதினார்கள். மெல்வில் சில நாளில் துறைமேடைக்குத் திரும்பினார்.

இந்த வீட்டில்தான் 'கிளாரெல்' என்ற அந்த நெடுங்கவிதை எழுதப்பட்டது. எருசலேமுக்குப் போன ஓர் இளம் மாணவன், அவனோடு பாலைவனத்தில் பயணம் செய்யும் பல நம்பிக்கைக்காரர்கள், நம்பிக்கை இழந்தவர்கள், முடிவில்லாத வாதங்கள். நான்கு பகுதி, 150 காண்டம். டார்வினுக்குப் பின் கிறித்தவனாக இருப்பது எப்படி என்பதுதான் அதன் அடியோட்டம். முழுதும் படிக்க அசாத்தியப் பொறுமை வேண்டும். நடுநடுவே பாறையில் நீர் கசிவதுபோல் நல்ல இடங்கள் வரும், அதற்காகப் படிக்கலாம். அச்சுச் செலவுக்கு மாமா பீட்டர் கான்ஸ்வூர்ட் 1,200 டாலர் கொடுத்துவிட்டு, புத்தகத்தைப் பார்க்காமலே இறந்தார். 1876 கோடையில் 350 படிகள் வந்தன. அந்த மாதங்களில் வீட்டுக்கு விருந்தினர் வருவதையே எலிசபெத் தடுக்க வேண்டியிருந்தது. இந்தப் புத்தகம் எங்கள் மகிழ்ச்சியையெல்லாம் தின்றுவிட்டது என்ற பொருளில் கணவருடைய உறவுப் பெண்ணுக்கு எழுதியிருக்கிறார். இளைய மகள் ஃபிரான்சஸைப் பின்னிரவில் எழுப்பி மெய்ப்புப் பார்க்க வைத்ததாக ஒரு குடும்ப நினைவு உண்டு. அந்த மகள் முதுமையில் அப்பாவைப் பற்றிப் பேச விரும்பியதில்லை. 1879இல் விற்காத இருநூறுக்கு மேற்பட்ட படிகளைக் காகிதக் கூழாக்கச் சம்மதித்து மெல்வில் கையெழுத்திட்டார்.

1880களில் எலிசபெத்துக்கு உறவினர்களிடமிருந்து வாரிசுச் சொத்து வந்தது. 1885 கடைசி நாளில் மெல்வில் வேலையை விட்டார். புத்தகமும் படங்களும் வாங்க மாதம் 25 டாலர் எலிசபெத் கொடுத்துவந்தார். ஓய்வு பெற்ற இரண்டு மாதத்துக்குள் இரண்டாம் மகன் ஸ்டான்விக்ஸ் சான் பிரான்சிஸ்கோவில் காசநோயால் இறந்த செய்தி வந்தது. 'ஜான் மார்' தொகுதியை 1888இலும் 'டிமோலியன்' தொகுதியை 1891இலும் தலா 25 படிகள் மட்டும் சொந்தச் செலவில் அச்சிட்டு, தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார். முற்றிலும் மறக்கப்பட்டார் என்பதும் சரியில்லை. இங்கிலாந்தில் சிலர் அவரைத் தேடிப் படித்தார்கள், கடிதம் எழுதினார்கள். கடல் நாவலாசிரியர் கிளார்க் ரசலுக்கு 'ஜான் மார்' சமர்ப்பிக்கப்பட்டது அந்தத் தொடர்பில்தான்.

'பில்லி பட்' ஒரு கவிதையாகத் தொடங்கியது. தூக்குக்குக் காத்திருக்கும் ஒரு மாலுமி முந்திய இரவில் பேசுவதாக ஒரு பாட்டு. அதற்கு உரைநடையில் சிறு முன்குறிப்பு எழுதினார். குறிப்பு வளர்ந்தது. ஐந்து ஆண்டு வளர்ந்து குறுநாவலாயிற்று. 1797, பிரிட்டிஷ் கடற்படையில் கலகங்கள் அடங்கிய சமயம். எல்லோருக்கும் பிடித்த, பேச்சுத் திக்குகிற இளம் மாலுமி மீது அதிகாரி கிளாகார்ட் பொய்யாகக் கலகக் குற்றம் சாட்டுகிறார். பதில் சொல்ல நா எழாமல் அவன் ஓங்கி அடிக்கிறான், அதிகாரி செத்து விழுகிறார். அவன் குற்றமற்றவன் என்று அறிந்த தளபதி வீரே, சட்டப்படி அவனைத் தூக்கிலிடச் செய்கிறார். வீரே செய்தது சரியா என்று இன்றும் சட்டக் கல்லூரிகளில் வாதிடுகிறார்கள்.

இதற்கு ஒரு குடும்பப் பின்னணி உண்டு. 1842இல் அமெரிக்கக் கடற்படையின் 'சோமர்ஸ்' கப்பலில் கலகத்துக்குத் திட்டமிட்டதாக மூன்று பேரை முறையான இராணுவ நீதிமன்றமின்றி நடுக்கடலில் தூக்கிலிட்டார்கள். அதில் ஒருவன் போர்த்துறைச் செயலரின் மகன். நாடே அதிர்ந்தது. அந்தக் கப்பலில் முதல் லெப்டினன்ட், தண்டனைக்கு இசைவு சொன்ன அதிகாரிகளில் ஒருவர், கர்ட் கான்ஸ்வூர்ட். மெல்விலின் மாமன் வழிச் சகோதரர். அப்போது மெல்வில் பசிபிக்கில் அலைந்துகொண்டிருந்தார். தானே சாட்டையடி பார்த்தவர், தூக்குக்கு ஒப்பிய உறவினரைக் கொண்டவர், மகனைக் குண்டுக்குக் கொடுத்தவர். இளம் மாலுமியின் சாவுக்குத் தந்தை போன்ற ஒருவரே காரணமாவதை அந்த வயதில் அவர் எழுதியதை நான் இவற்றோடு சேர்த்துத்தான் படிக்கிறேன்.

கையெழுத்துப் பிரதியின் கடைசியில் 1891 ஏப்ரல் 19 என்று தேதி இருக்கிறது. ஆனால் அவர் முடிக்கவில்லை. மையால் படியெடுத்த தாள்களில் பென்சிலால் திருத்தி, சீட்டுகளை வெட்டி ஒட்டி, குண்டூசியால் குத்தி வைத்துக்கொண்டே இருந்தார். செப்டம்பர் 28 அன்று இறந்தார். வயது 72. பத்திரிகைகளில் சில வரி.

காகிதங்களை எலிசபெத் எடுத்து வைத்தார். ரொட்டி வைக்கும் தகரப் பெட்டி ஒன்றில். வீட்டைவிட்டுப் போக நினைத்த, 'கிளாரெல்' தன் மகிழ்ச்சியைத் தின்றது என்று எழுதிய அதே எலிசபெத்தான் ஒவ்வொரு தாளையும் படித்து, எது எங்கே சேரும் என்று புரியாத இடத்தில் பென்சிலால் கேள்வி எழுதி வைத்தவர். 1906இல் அவர் இறந்தார். பெட்டி மகளிடம் போய், பிறகு பேத்தி எலனோர் மெட்காஃபிடம் வந்தது. 1919இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேமண்ட் வீவர் மெல்வில் வாழ்க்கை வரலாறு எழுதத் தேடி வந்தபோது எலனோர் அதை அவரிடம் திறந்து காட்டினார். 'பில்லி பட்' 1924இல் இலண்டனில் அச்சேறியது. 1951இல் பெஞ்சமின் பிரிட்டன் அதை ஓபராவாக்கினார்.

கையெழுத்து படிக்க மிகக் கடினம். வீவர் நிறையத் தவறு செய்தார், அவர் இடத்தில் யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள். ஹாரிசன் ஹேஃபோர்டும் மெர்ட்டன் சீல்ட்ஸும் 350க்கும் மேற்பட்ட அந்தத் தாள்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1962இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். கப்பலின் பெயரைக் கடைசியில் 'பெல்லிபோட்டென்ட்' என்று மாற்ற மெல்வில் முடிவு செய்திருந்தது அப்போதுதான் தெளிவாயிற்று. முந்திய பதிப்புகள் கதைக்கு முன்னுரை என்று அச்சிட்ட பகுதி, அவர் எழுதிவிட்டு ஒதுக்கிய ஒரு துண்டு என்றும் தெரிந்தது. தாள்களில் இருந்த பென்சில் எழுத்துகள் சிலவற்றை மெல்விலுடையவை என்றே அதுவரை பதிப்பாசிரியர்கள் எண்ணியிருந்தார்கள். அவை எலிசபெத் எழுதியவை.